கோணமலைக் கடலில் கெண்டா

திருக்கோணமலையிற் பிறந்த பிள்ளைகள் கேட்டு வளரும் கதைகள் இரண்டு. ஒன்று, சுவாமிமலைப் பாறையைப் பிளந்து நிற்கும் இராவணன் வெட்டின் கதை. மற்றையது, யப்பான்காரன் குண்டு போட்ட கதை. முன்னையதற்கு ஒரு நாயகன் உண்டு. அவனுக்குத் தலைகள் பத்து, கையிலே வீணை, நெஞ்சிலே தாய்ப்பாசம். பின்னையதற்கு நாயகன் இல்லை. யப்பான்காரன் என்னும் ஒரே சொல்லுக்குள் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களையும் அவற்றிலிருந்து கிளம்பிய நூற்றுக்கு மேற்பட்ட விமானங்களையும் அடக்கிவிட்டு எங்கள் ஊரார் அமைதி கொண்டுவிட்டனர்.

என் தந்தையார் அப்பொழுது பதினொரு வயதுச் சிறுவர். 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆம் நாட் காலையில் வீட்டு முற்றத்திலே பல் விளக்கிக்கொண்டு நின்றவர், கொக்குக் கூட்டம் போல ஒழுங்கு குலையாமல் வந்த விமானங்களைக் கண்டு, வெள்ளைக்காரர் பயிற்சிக்குப் புறப்பட்டுவிட்டனர் என்றே எண்ணினாராம். சற்றைக்கெல்லாம் துறைமுகத்துப் பக்கம் நிலம் அதிர்ந்தது. அப்பாச்சி அடுப்பிலிருந்த புட்டை அப்படியே துணியில் முடிந்துகொண்டு பிள்ளைகளை வண்டியிலேற்றித் தம்பலகாமத்துக்குப் புறப்பட்டுவிட்டார். அந்தப் புட்டின் கதையை அப்பாச்சி சொல்லி நான் எத்தனையோ முறை கேட்டதுண்டு. குண்டின் கதையிலும் பார்க்கப் புட்டின் கதையே அவருக்குப் பெரிது.

பல்லாண்டுகள் சென்றபின், நான் சரித்திரம் கற்பிக்கும் ஆசிரியனாக நின்ற ஒரு வகுப்பிலே, பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, அந்த யப்பான்காரனுக்குப் பெயர் இல்லையா, சேர் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் அன்று எனக்கு மறுமொழி தெரியவில்லை. தேடிக் கண்ட மறுமொழியையே இக்கட்டுரையிலே தருகின்றேன்.

அன்று காலை வானத்திலே அணியை நடத்தி வந்தவர் மிற்சுவோ புச்சிடா. அவர் நடத்திய தாக்குதலைத் திட்டமிடும் பொறுப்பிலிருந்தவரோ, கரைக்கு நெடுந்தூரத்துக்கப்பால் அக்காகி என்னும் கப்பலின் மேடையிலே நின்றார். அவர் பெயர் மினோரு கெண்டா. வயது முப்பத்தேழு. எங்கள் துறைமுகத்தை அவர் வரைபடத்திலே கண்டிருப்பார். கோணேசர் கோயில் எழுந்து நிற்கும் பாறையும் அதிலே ஒரு குறியாகவே இருந்திருக்கும். நம்மூரைக் காணாமலே நம்மூரின் கதையிற் புகுந்துவிட்ட இம்மனிதரின் வாழ்க்கை விசித்திரமானது.

கெண்டா பிறந்தது 1904 ஆம் ஆண்டு ஆகஸ்டு 16 ஆம் நாள்; ஹிரோஷிமா மாகாணத்திலே மலைசூழ்ந்த காக்கே என்னும் ஊரில், ஓர் உழவர் குடும்பத்திலே. எத்தாஜிமாவிலுள்ள கடற்படைக் கல்லூரியிலே பயின்று 1924 இல் வெளிவந்தார். முன் சொன்ன புச்சிடாவும் அதே வகுப்பு மாணவரே. பின்னர் கசுமிகௌராவிலே விமானம் ஓட்டக் கற்றுச் சண்டை விமானியானார்.

கசுமிகௌராவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. யப்பானியக் கடற்படைக்கு விமானக் கலையை முறையாகக் கற்பித்தவர்கள் பிரித்தானியர். 1921 இல் செம்பில் என்பவரின் தலைமையிலே ஒரு குழு இலண்டனிலிருந்து சென்று, கப்பலிலிருந்து எழும்புவதையும் இறங்குவதையும் டோர்ப்பிடோ எறிவதையும் அவர்களுக்குப் பழக்கிற்று. அந்தப் பள்ளியிலே வளர்ந்த தலைமுறையே இருபத்தோராண்டுகளுக்குப் பின் பிரித்தானியரின் கப்பல்களை நம் கடலிலே தேடி வந்தது. குருவுக்குக் கொடுத்த தட்சிணை இப்படியாயிற்று.

கெண்டா கை தேர்ந்த விமானி. 1930 களின் தொடக்கத்திலே யொக்கோசுக்கா விமானத் தளத்திலிருந்து மூன்று விமானங்களைச் சேர்த்து, ஒன்றின் சிறகோடு மற்றொன்றின் சிறகு உரசுமாற்போல வானத்திலே கரணம் போட்டுக் காட்டினார். ஊர் ஊராகச் சென்று நடத்திய இவ்வித்தையைக் காணச் சனங்கள் திரண்டனர். கெண்டாவின் சர்க்கஸ் என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. வித்தைக்காரர் என்ற பெயரோடு நின்றிருந்தால் அவரை இன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவருக்குக் கையிலும் பார்க்கத் தலையே வேகமாக ஓடியது. கடற்படைப் பணியாளர் கல்லூரியிலே படித்த காலத்தில், பெரும் போர்க்கப்பல்களுக்கு இனி வேலையில்லை, விமானந்தாங்கிகளே கடலை ஆளும் என்று எழுதினார். பீரங்கியை வணங்கி வளர்ந்த மூத்த அதிகாரிகள், பைத்தியக்காரக் கெண்டா என்று பட்டஞ் சூட்டினர்.

1938 இலிருந்து 1940 வரை இலண்டனிலே தூதரகக் கடற்படை அதிகாரியாயிருந்து, பிரித்தானிய வானத்திலே ஜெர்மானியரும் பிரித்தானியரும் பொருதியதை அருகிருந்து கவனித்தார். நாடு திரும்பியபின் நடந்த ஒரு சிறு சம்பவம் உலகப் போரின் போக்கையே திருப்பியது எனலாம். தோக்கியோவிலே ஒரு படக்கொட்டகையில் அமெரிக்கச் செய்திப்படம் ஒன்றைக் கண்டார். நான்கு அமெரிக்க விமானந்தாங்கிகள் ஒன்றாக அணிவகுத்துச் சென்றன. அதுவரை விமானந்தாங்கிகளைத் தனித்தனியே பிரித்து வைப்பதே யாவரின் வழக்கமுமாயிருந்தது. ஒன்றாகச் சேர்த்தால் நூற்றுக்கணக்கான விமானங்களை ஒரே முகமாக எழுப்பலாமே என்று கெண்டாவுக்குத் தோன்றிற்று. படம் காட்டியவர்கள் அதனை வெறும் காட்சிக்காகவே எடுத்திருந்தனர். பொருளை எடுத்துக்கொண்டவர் அவர். 1941 ஏப்பிரலிலே யப்பானின் முதலாம் ஆகாயக் கடற்படை அமைந்தபோது இக்கருத்து உருப்பெற்றுவிட்டது.

அதற்குச் சற்று முன்னரே, பேர்ள் துறைமுகத்தைத் தாக்க இயலுமா என்று கடற்படைத் தலைவர் யமமோத்தோ எழுப்பிய கேள்வி இரகசியமாகக் கெண்டாவின் கைக்கு வந்திருந்தது. கடினம், ஆயினும் இயலாததன்று என்பது அவருடைய அறிக்கையின் சாரம். ஆழங்குறைந்த துறைமுகத்திலே எறியும் டோர்ப்பிடோ சேற்றிற் புதைந்துவிடாதிருக்க மரத்தாலான துடுப்புப் பொருத்தும் உபாயம் வரை எல்லாம் அலசி ஆராயப்பட்டது. 1941 டிசம்பர் 7 ஆம் நாள் நிகழ்ந்ததை வாசகர்கள் அறிவர். அன்று அங்கே அமெரிக்க விமானந்தாங்கி ஒன்றேனும் இல்லை என்பதை மட்டும் மனத்திலே குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

படைத்தலைவர் நகுமோ டோர்ப்பிடோக் கலையிலே பேர்பெற்றவர். விமானம் அவருக்குப் புதிது. ஆகவே விமான விடயங்களிலே கெண்டா சொன்னதே நடந்தது. அப்படையைக் கெண்டாவின் கடற்படை என்றே சிலர் கேலியாகச் சொல்லிக்கொண்டனர்.

இனி நம் கடலுக்கு வருவோம்.

1942 மார்ச்சு இறுதியிலே ஐந்து விமானந்தாங்கிகளோடு அப்படை இந்து சமுத்திரத்துட் புகுந்தது. ஏப்பிரல் 4 ஆம் நாள் மாலையில் கொக்கலையிலிருந்து சென்ற ஒரு கற்றலைனா விமானம் அதனைக் கண்டுபிடித்தது. ஓட்டியவர் பேர்ச்சல் என்னும் கனடியர். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே அவரைச் சுட்டு வீழ்த்திச் சிறைப்படுத்தினர். எனினும் செய்தி கொழும்பை அடைந்துவிட்டது. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பின் மீது குண்டு விழுந்தபோது துறைமுகத்திலே பெருங்கப்பல்கள் இல்லை. சொமர்வில்லின் கப்பற்படையோ மாலைதீவுகளின் தெற்கே அட்டுத் தீவுக்கூட்டத்திலே மறைந்திருந்தது. அப்படியோர் ஒளிவிடம் இருப்பதை யப்பானியர் அறியார்.

அன்று நண்பகலளவிலே நிகழ்ந்த ஒன்று சிந்திக்கத்தக்கது. கொழும்பை மீண்டும் தாக்குவதற்காக விமானங்களுக்குத் தரைக்குண்டுகளைப் பூட்டிக்கொண்டிருக்கையிலே, கடலில் இரு பகைக்கப்பல்கள் காணப்பட்டதாகத் தகவல் வந்தது. குண்டைக் கழற்று, டோர்ப்பிடோவைப் பூட்டு என்று கட்டளை பிறந்தது. தட்டுகளிலே குழப்பம், நேரம் ஓடிற்று. டோர்ப்பிடோ விமானங்கள் ஆயத்தமாகாததால் பாய்ந்து குண்டெறியும் விமானங்கள் மட்டும் சென்றன. கோர்ண்வோல், டோர்செற்சயர் என்னும் இரு குரூசர்களும் 424 உயிர்களோடு அமிழ்ந்தன. வெற்றி கிடைத்துவிட்டது. வெற்றி கிடைத்த இடத்திலே குழப்பத்தை யார் கணக்கெடுப்பர்?

நான்கு நாட் கழித்து எங்கள் ஊரின் முறை. இம்முறையும் கற்றலைனா ஒன்று முதல் நாளே கண்டுவிட்டது. அன்றிரவே திருக்கோணமலைத் துறையை விட்டுக் கப்பல்கள் வெளியேறித் தெற்கே சென்றன. அவற்றுள் ஒன்று ஹேர்மிஸ். விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கப்பெற்ற முதற் கப்பல் உலகிலே அதுதான். புறப்பட்டபோது அதிலே ஒரு விமானமும் இல்லை; அதன் விமானங்கள் சீனன்குடாவிலே கரையில் நின்றன.

காலையில் நூற்றுமுப்பதளவான யப்பானிய விமானங்கள் வந்தன. சீனன்குடாவிலிருந்து இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஹரிக்கேன், புல்மார் சண்டை விமானங்கள் எழுந்து எதிர்த்தன. ஏறக்குறையப் பாதி திரும்பவில்லை. கப்பற்றுறையும் விமானத் தளமும் எண்ணெய்த் தாங்கி ஒன்றும் எரிந்தன. எரிபஸ் என்னும் பீரங்கிக் கப்பல் சேதமுற்றது. சகாயிங் என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றியது. பின்னர் ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் கண்ணிற் பட்டது. அடுக்கடுக்காக விழுந்த குண்டுகளாற் சில நிமிடங்களிலே அது மூழ்கிற்று. காவலாகச் சென்ற வம்பயர் என்ற அவுஸ்திரேலியக் கப்பலும் அதனைத் தொடர்ந்தது. ஹேர்மிசோடு மட்டும் 300 பேருக்கு மேல் மாண்டனர். அருகே சென்றுகொண்டிருந்த வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் அறுநூறு பேரளவிற் காப்பாற்றியது.

இவையெல்லாம் பள்ளிப் பாடத்திலே வரும். வராதது ஒன்றுண்டு. ஹேர்மிசைத் தேடி விமானங்கள் சென்றிருந்த அதே முற்பகலிலே, கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து புறப்பட்ட ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் யப்பானியப் படைக்கு நேர்மேலே வந்து நின்றன.  யப்பானியக் கப்பல்களிலே ராடார் இல்லை. காவற் சுற்றிலிருந்த சீரோ விமானிகளும் காணவில்லை. கெண்டாவும் நகுமோவும் நின்ற அக்காகியைச் சுற்றிக் கடலிலே வெண்ணீர்த் தூண்கள் எழுந்தபின்பே, தலைக்கு மேலே பகைவன் நிற்பது தெரிந்தது. குண்டு ஒன்றேனும் படவில்லை. திரும்பும்போது சீரோக்கள் துரத்திப் பிடித்தன; ஒன்பதில் நான்கே கொழும்பை அடைந்தன.

பத்தாயிரம் அடிக்கு மேலிருந்து எறிந்த குண்டு ஒரு கப்பலின் நீளமளவு தள்ளி விழுந்ததனாலே ஒரு படை பிழைத்தது. அந்தத் தள்ளுபடியை அன்று யப்பானியர் தம் திறமையின் கணக்கில் எழுதிக்கொண்டனர் போலும்! ஒரே வாரத்திலே, தம் படை தேடுவதிற் சோம்பலுடையது, ஆயுதம் மாற்றுவதிற் குழம்புவது, தன் தலைக்குமேல் வருபவனைக் காணாதது என்னும் மூன்றும் கெண்டாவுக்கு நம் கடலிலே காட்டப்பட்டன. பைத்தியக்காரர் என்று பிறர் சொல்லக் கேட்டும் தளராமல் முன்னே கண்டவர், இம்மூன்றையும் காணாமற் போனது எப்படி? நான் இதுபற்றிப் பலநாள் யோசித்ததுண்டு. தாக்குவதிலே பிறவித் திறமையுடையவனுக்குத் தான் தாக்கப்படுவதைக் கற்பனை செய்யும் சக்தி குறைவு என்றே எனக்குப் படுகிறது. சதுரங்கத்திலே என்னைத் தோற்கடிக்கும் என் மாணாக்கர் சிலரிடத்தும் இதனைக் கண்டிருக்கிறேன்.

இரண்டு மாதமும் செல்லவில்லை. யூன் 4 ஆம் நாள் மிட்வேயிலே மூன்று குறைகளும் ஒன்று கூடிவந்தன. கெண்டா அப்பொழுது நிமோனியாக் காய்ச்சலோடு படுக்கையிலிருந்து எழுந்து மேடைக்கு வந்திருந்தார். பகையைத் தேட அனுப்பியவை ஏழே விமானங்கள். தீவைத் தாக்கவென்று குண்டு மாற்றிக்கொண்டிருக்கையிலே, கடலில் அமெரிக்க விமானந்தாங்கி நிற்கிறது என்ற செய்தி வந்தது. மறுபடியும் கழற்று, பூட்டு. அவ்வேளை உச்சியிலிருந்து பாய்ந்த அமெரிக்க விமானங்களைக் கண்டவர் இல்லை. இம்முறை குண்டு தள்ளி விழவில்லை. அக்காகி உட்பட நான்கு விமானந்தாங்கிகள் தொலைந்தன. தேடுதலை அவ்வளவு சொற்பமாக வகுத்த குற்றம் தன்னுடையதே எனக் கெண்டா பிற்காலத்திலே ஒப்புக்கொண்டார். பிறர்மேற் சுமத்த வழிகள் பல இருந்தும் அவர் அப்படிச் செய்யவில்லை. அதனை அவர் பக்கத்துக் கணக்கிலே நான் வைக்கின்றேன்.

மறுபக்கத்துக் கணக்கும் உண்டு. 1944 இலே தலைமைப் பணியகத்தில் இருந்தபோது, உயிரைக் கொடுத்து மோதும் தற்கொலைப் படையினரைப் பற்றி உலகுக்கு எவ்வாறு அறிவிப்பது என்ற தந்தியை, முதல் தாக்குதல் நிகழுமுன்பே வரைந்தவர் அவரே. இருபது வயது இளைஞரின் சாவுக்கு முன்கூட்டியே அறிவித்தல் எழுதும் மேசை அது. அவரைப் போற்றுவோர் இப்பக்கத்தை விரைவாகப் புரட்டிவிடுகின்றனர்.

பின்னர் அம்மேசையை விட்டு, 343 ஆவது ஆகாயப் பிரிவின் தளபதியாக மற்சுயாமாவுக்குச் சென்றார். எஞ்சியிருந்த தேர்ந்த விமானிகளையும், சிடென்-கை என்னும் புதிய சண்டை விமானங்களையும் அங்கே ஒன்றுசேர்த்தார். இது மோதிச் சாகும் பிரிவன்று. பொருது மீளும் பிரிவு. அதிலே அவர் செய்த ஏற்பாடு ஒன்றே எனக்கு முக்கியமாகப் படுகிறது. சண்டை விமானங்களோடு வேவு பார்க்கும் விமானப் பிரிவொன்றையும் இணைத்தார். முதலிலே கண், பிறகே கை. விமானிகள் ஒருவரோடொருவர் பேசும் கம்பியில்லாக் கருவிகளைச் செப்பஞ் செய்வித்தார். நான்கு நான்காகச் சேர்ந்து ஒருவர் முதுகை ஒருவர் காக்கப் பழக்கினார். 1945 மார்ச்சு 19 ஆம் நாள், வேவு விமானம் முன்கூட்டிச் சொன்ன திசையிலே ஏறி நின்று, அமெரிக்கக் கடற்படை விமானங்களை அப்பிரிவு எதிர்கொண்டது. இழப்புக்களை இரு தரப்பாரும் வெவ்வேறாகச் சொல்வர். ஆயினும், சோர்ந்துபோன எதிரியையே அதுவரை கண்டு வந்த அமெரிக்க விமானிகள் அன்று திகைத்தனர் என்பதில் ஐயமில்லை. கோணமலைக் கடலில் விழுந்த பாடம் மூன்றாண்டு கழித்து மற்சுயாமாவிலே படிக்கப்பட்டது என்று நான் சொன்னால், சரித்திர ஆசிரியர் சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும்.

படித்தும் பயனில்லை. விமானிகள் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். ஆகஸ்டு 6 ஆம் நாள் அவர் பிறந்த மாகாணத்தின் தலைநகர் ஒரே குண்டிலே சாம்பலாயிற்று. 15 ஆம் நாள் யப்பான் சரணடைந்தது.

நிற்க. தோற்ற நாட்டின் சேனாதிபதிகள் பலர் மறைவிலே வாழ்ந்து முடிந்தனர். கெண்டாவின் வாழ்க்கைக்கோ இரண்டாம் பாகம் இருந்தது. 1954 இலே யப்பானின் தற்காப்பு ஆகாயப்படை அமைந்தபோது அதிலே சேர்ந்தார். 1959 இல் அதன் தலைமைத் தளபதியானார். எந்த நாட்டின் கப்பல்களை மூழ்கடிக்கத் திட்டமிட்டாரோ அந்த நாடே இப்பொழுது தோழன். புதிய சண்டை விமானத்தைத் தெரிவு செய்வதிலே பெரிய வழக்கு எழுந்திருந்தது. குறும்மன் நிறுவனத்தின் விமானமே முதலிற் பேசப்பட்டது. லொக்கீட்டின் எவ்-104 வேண்டுமென்று மற்றொரு சாரார் நின்றனர். கெண்டா அமெரிக்காவுக்குச் சென்று, ஐம்பத்தைந்தை எட்டும் வயதிலே, எவ்-104 ஐத் தாமே ஓட்டிப் பார்த்துவிட்டு அதுவே தகும் என்றார். அறிக்கையை மட்டும் படித்து ஒப்பமிடும் உயரதிகாரிகளுக்கு இது புதினமாயிருந்தது. யப்பானிய ஆகாயப்படையின் வான்சாகசக் குழுவான புளூ இம்பல்ஸ் 1960 இல் உருவாக அவருடைய ஊக்கமும் காரணம். பழைய சர்க்கஸ்காரர் உள்ளே உறங்கவில்லை.

1962 இலே அமெரிக்கா அவருக்கு லீஜன் ஒவ் மெரிற் என்ற விருதை அளித்தது. பேர்ள் துறைமுகத்தின் நினைவு ஆறாத குடும்பங்கள் அந்நாட்டிலே பல. எனினும் அரசுகளின் ஞாபகம் வேறு, குடும்பங்களின் ஞாபகம் வேறு. அதே ஆண்டு ஓய்வு பெற்று மேற்சபைக்குத் தெரிவானார். 1986 வரை உறுப்பினராயிருந்தார். 1969 இல் அமெரிக்காவிலே பேசச் சென்றபோது, அணுகுண்டு யப்பானிடம் இருந்திருந்தால் யப்பானும் அதனை எறிந்திருக்கும் என்ற கருத்தைச் சொல்லித் தம் நாட்டிலே பெரும் கண்டனத்துக்கு ஆளானார். ஹிரோஷிமா மாகாணத்திலே பிறந்தவர் அதனைச் சொன்னதே அவர் நாட்டாரை வருத்தியது. எனக்கு அது உண்மையான பேச்சாகவே தோன்றுகிறது. தாக்குதலையே தொழிலாகக் கொண்டவர் தம் தொழிலைப் பற்றிச் சொன்னது அது.

1989 ஆம் ஆண்டு, மற்சுயாமாவிலே அவர் காலமானார். நாள் ஆகஸ்டு 15. யப்பான் சரணடைந்து சரியாக நாற்பத்துநான்கு ஆண்டுகள். மறுநாள் விடிந்திருந்தால் வயது எண்பத்தைந்து.

கேள்வி கேட்ட மாணவியை அதன்பின் ஒரு முறை நிலாவெளி வீதியிலே, உப்புவெளியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தின் வாசலிற் கண்டேன். அவளும் அப்பொழுது ஆசிரியை. பிள்ளைகளை அழைத்து வந்திருந்தாள். கெண்டாவின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, துறைமுகத்திலே கூலிவேலை செய்த எங்கள் சனங்களின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது, சேர் என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள். அவள் எப்பொழுதும் அப்படித்தான்.

2018 இலே, அன்று எரிந்த சகாயிங் கப்பலை இலங்கைக் கடற்படையினர் துறைமுகத்தின் அடியிலிருந்து மேலே மிதக்கச் செய்து, பின்னர் ஆழ்கடலிலே மறுபடி அமிழ்த்தினர். பத்திரிகையிலே வந்த படத்தை எண்பத்தேழு வயதுத் தந்தையாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சிப்பி படர்ந்த இரும்பை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பல் விளக்கிக்கொண்டு நின்றபோது தாம் கண்ட கரும்புகை இந்தக் கப்பலிலிருந்து எழுந்ததா, எண்ணெய்த் தாங்கியிலிருந்து எழுந்ததா என்று கேட்டார். அதற்கும் என்னிடம் மறுமொழி இல்லை.